விழுந்த கால் மீண்டும் நடக்க

(பொதுமக்களுக்கான மருத்துவச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பக்கவாதம் வந்தவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்துவந்த முதல் வாரத்தில், பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது காலைப் பற்றித்தான். "எழுந்து நடக்கிறாரா?" கையைப் பற்றிய விசாரணை அதற்குப் பிறகு. கூடவே யோசனைகளும் வந்து குவியும். எண்ணெய் போட்டு நீவச் சொல்வார் ஒருவர். புறா ரத்தம் தடவினால் கால் வந்துவிடும் என்பார் இன்னொருவர். ரோபோ வைத்து நடக்கப் பழக்கும் இடம் ஒன்று இருப்பதாகக் கைப்பேசியில் வீடியோ காட்டுவார் நகரத்து உறவினர். இத்தனை பேர் வந்துபோகும் வீட்டில், இன்றைக்கு அந்தக் கால் எத்தனை அடி எடுத்து வைத்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மறுவாழ்வு மருத்துவ ஆராய்ச்சி சுற்றிச் சுற்றி வந்து நிற்பது அந்தக் கேள்வியில்தான். இன்றைய பேச்சும் அதைப் பற்றியதே.

முதலில், கால் ஏன் விழுகிறது என்று பார்த்துவிடலாம்.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொண்டாலோ வெடித்தாலோ, அது ஊட்டி வளர்த்த பகுதி செயலிழக்கிறது. உடலை இயக்கும் ஆணைகளைச் சுமந்துவரும் நரம்பிழைகள் முகுளத்தில் பக்கம் மாறுகின்றன. அதனால்தான் வலப்பக்க மூளையில் அடிபட்டால் இடது கை, இடது கால் விழுகின்றன. அடைப்பு அதிகம் ஏற்படுவது நடுப் பெருமூளைத் தமனியில். முகத்தையும் கையையும் ஆளும் மூளைப்பரப்புக்கு அதுதான் ரத்தம் தருகிறது. காலை ஆளும் பரப்போ, இரண்டு மூளைப் பாதிகளும் ஒன்றையொன்று பார்த்திருக்கும் உட்பக்கச் சுவரில் இருக்கிறது. அங்கே ரத்தம் வருவது முன் பெருமூளைத் தமனி வழியாக. எனவே பலருக்குக் கை படும் பாட்டைக் கால் படுவதில்லை. மூளையின் ஆழத்தில் இழைகள் எல்லாம் ஒரே கற்றையாக நெருங்கிச் செல்லும் இடத்தில் அடி விழுந்தால் மட்டும் இந்தச் சலுகை கிடையாது. சிறிய அடைப்புகூட அங்கே கையையும் காலையும் ஒருசேரச் சாய்த்துவிடும்.

காலுக்கு இன்னொரு பலமும் உண்டு. 1911இல் தாமஸ் கிரஹாம் பிரவுன் என்ற ஆய்வாளர், தண்டுவடம் துண்டிக்கப்பட்ட பூனைகளின் பின்னங்கால்களில் நடையின் தாளம் தானாக எழுவதைக் காட்டினார். மடக்கு, நீட்டு, மடக்கு, நீட்டு என்று தசைகளை மாற்றி மாற்றி இயக்கும் நரம்புச் சுற்று தண்டுவடத்திலேயே இருக்கிறது என்பது அதன் பொருள். மனிதனுக்கு அது மட்டும் போதாது. இரண்டு கால்களில் நிமிர்ந்து நிற்கும் உயிருக்குச் சமநிலை வேண்டும், வாசற்படி எங்கே இருக்கிறது என்று பார்த்துக் காலைத் தூக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மூளை தேவை. ஆனாலும் சட்டைப் பொத்தானை மாட்டும் விரல்களைவிட நடக்கும் காலுக்குக் கீழ்மட்டத்தில் துணை அதிகம்.

எத்தனை பேர் நடக்கிறார்கள்?

கோபன்ஹேகன் நகரில் 804 பக்கவாத நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1995இல் ஓர் ஆய்வு வெளியானது. மருத்துவமனையில் சேர்ந்தபோது அவர்களில் பாதிப் பேருக்கு நடக்கவே முடியவில்லை. மறுவாழ்வுச் சிகிச்சை முடிந்தபோது ஐந்தில் ஒரு பங்கினர் இறந்திருந்தனர். மொத்தத்தில் பாதிப் பேர் யாருடைய துணையும் இல்லாமல் நடந்தனர். 11 சதவீதம் பேர் துணையோடு நடந்தனர், 18 சதவீதம் பேருக்கு நடை வரவில்லை. 95 சதவீதம் பேர் தாங்கள் எட்டக்கூடிய நடைநிலையை முதல் 11 வாரங்களுக்குள் எட்டிவிட்டார்கள் என்பதையும் அந்த ஆய்வு பதிவு செய்தது. முதல் மூன்று மாதங்களை மருத்துவர்கள் பொன்னாகப் பார்ப்பதற்கு இத்தகைய கணக்குகள்தான் காரணம்.

நடப்பாரா மாட்டாரா என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியுமா? ஸ்கேன் படத்தைவிட எளிய சோதனை ஒன்று இருக்கிறது. நெதர்லாந்தில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், பக்கவாதம் வந்து 72 மணி நேரத்துக்குள் இரண்டு விஷயங்களைப் பார்த்தார்கள். நோயாளி சாயாமல் 30 வினாடி உட்கார்கிறாரா? விழுந்த காலில் கொஞ்சமாவது தசை இழுக்கிறதா? இரண்டும் இருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் துணையின்றி நடக்க 98 சதவீத வாய்ப்பு இருந்தது. இரண்டும் இல்லாதவர்களுக்கு 27 சதவீதம். ஒன்பதாம் நாளிலும் இரண்டும் வராவிட்டால் வாய்ப்பு பத்து சதவீதமாகக் குறைந்தது. உட்காரும் பயிற்சியைப் பார்த்து "நடக்கச் சொல்லித் தராமல் சும்மா உட்கார வைக்கிறார்களே" என்று குறைப்படும் குடும்பத்தினர் இதைக் கவனிக்கலாம். உடம்பின் நடுப்பகுதி நிமிர்ந்து நிற்காவிட்டால் கால் எதைத் தாங்கும்?

அப்படியானால் முதல் நாளே எழுப்பி நிற்க வைத்துவிடலாமா? ஆஸ்திரேலியாவின் ஜூலி பெர்ன்ஹார்ட் தலைமையில் நடந்த ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளின் 56 மருத்துவமனைகள், 2,104 நோயாளிகள். ஒரு பிரிவினரை 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அடிக்கடியும் அதிக நேரமும் படுக்கையை விட்டு இறக்கினார்கள். மறுபிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. 2015இல் முடிவு வந்தபோது பலரும் திகைத்தார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு நல்ல நிலையில் இருந்தவர்கள் வழக்கமான கவனிப்பில் 50 சதவீதம், தீவிரப் பிரிவில் 46 சதவீதம். அதே தகவல்களைப் பிரித்துப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. ஒரே மூச்சில் அதிக நேரம் எழுப்பி வைத்தது உதவவில்லை, கொஞ்ச நேரமாகப் பலமுறை எழுப்பியது உதவியது. ஆக, படுக்கையிலேயே கிடத்தி வைப்பதும் கூடாது, முதல் நாளே வார்டைச் சுற்றி இழுத்துக்கொண்டு போவதும் கூடாது.

இனி, எப்படிப் பழக்குவது என்ற விஷயம். இதில் இயன்முறை மருத்துவர்களுக்குள்ளேயே நீண்ட காலம் சண்டை நடந்திருக்கிறது.

ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சிக்னே புருன்ஸ்ட்ரோம், விழுந்த கை கால்கள் மீளும் வழியை ஆறு படிகளாக வகுத்தார். முதலில் தொய்வு. பிறகு விறைப்பு. அந்த விறைப்புக் கட்டத்தில் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் சேர்ந்தே நீளும், சேர்ந்தே மடங்கும், தனித்தனியாக அசையாது. இது மீட்சியின் இடைப்படி, இதைப் பயன்படுத்திக்கொண்டே மேலே போகலாம் என்றார் அவர். பெர்லினிலிருந்து லண்டனில் குடியேறிய பெர்த்தா போபாத்தும் அவர் கணவர் கரேல் போபாத்தும் இதற்கு எதிர்ப்பக்கம் நின்றார்கள். கோணலான அசைவைப் பழகவிட்டால் அதுவே நிலைத்துவிடும், சிகிச்சை செய்பவரின் கைகள் அதைத் தடுத்துச் சரியான அசைவை உணர்த்த வேண்டும் என்பது அவர்கள் வாதம். 1980களில் சிட்னியிலிருந்து ஜேனட் கார், ராபர்ட்டா ஷெப்பர்ட் என்ற இருவர் விவாதத்தின் திசையையே திருப்பினார்கள். நாற்காலியிலிருந்து எழுவதைக் கற்க வேண்டுமானால் நாற்காலியிலிருந்து எழுந்து பழக வேண்டும், நடையைக் கற்க நடந்து பழக வேண்டும். இன்றைய சிகிச்சை பெரும்பாலும் இந்த மூன்றாவது பாதையில் போகிறது.

நாற்காலியிலிருந்து எழும் அந்த ஒரு பயிற்சியையே எடுத்துக்கொள்வோம். பக்கவாதம் வந்தவர் எழும்போது தன்னை அறியாமல் நல்ல காலில் முழு எடையையும் போடுவார். விழுந்த கால் வெறுமனே கூட வரும். பத்து முறை எழுந்தாலும் பயிற்சி நல்ல காலுக்குத்தான். அதனால் இயன்முறை மருத்துவர் ஒரு சின்னத் தந்திரம் செய்வார். நல்ல பாதத்தைச் சற்று முன்னால் தள்ளி, விழுந்த பாதத்தை நாற்காலிக்கு அருகே பின்னால் இழுத்து வைப்பார். இப்போது எழுந்தால் எடை பின்னாலிருக்கும் காலில்தான் விழும், அது வேலை செய்தே ஆக வேண்டும். முதலில் உயரமான இருக்கை, பழகப் பழக உயரம் குறையும். அதன் பிறகு பக்கவாட்டில் நடப்பது, ஒற்றைப் படியில் ஏறி இறங்குவது, தரையில் கிடக்கும் பொருளைத் தாண்டுவது. எண்ணெய் போட்டு நீவுவதால் உடம்புக்குச் சுகமாக இருக்கலாம். ஆனால் அப்போது கால் படுத்தே கிடக்கிறது, மூளை அதற்கு எந்த ஆணையும் அனுப்புவதில்லை.

இந்தப் பாதையின் ஓரெல்லையைக் காட்டும் கதை ஒன்று உண்டு. நியூயார்க் சிட்டி கல்லூரிப் பேராசிரியரும் கவிஞருமான பெட்ரோ பாக்-இ-ரீட்டாவுக்கு 65 வயதில் பக்கவாதம் வந்தது. ஒரு பக்க உடல் விழுந்தது, பேச்சும் போயிற்று. நான்கு வாரச் சிகிச்சையில் முன்னேற்றம் இல்லை. மெக்சிகோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மகன் ஜார்ஜ் அவரைத் தன்னிடம் அழைத்துக்கொண்டார். மறுவாழ்வு மருத்துவத்தில் அவருக்குப் பயிற்சி கிடையாது. குழந்தைகள் நடப்பதற்கு முன் தவழ்கின்றன என்பது மட்டும் தெரியும். அப்பாவுக்கு முழங்கால் காப்புகளை மாட்டி, விழுந்த பக்கத்துத் தோளைச் சுவரில் சாய்த்துத் தவழ வைத்தார். பல மாதங்கள் தவழல், பிறகு வீட்டுக்கு வெளியே தோட்டத்திலும். பேராசிரியரை நாயைப் போல் ஊர்ந்துபோகவிடுகிறாயே என்று அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தார்கள். தவழலிலிருந்து முழங்காலில் நிற்பது, அதிலிருந்து எழுந்து நிற்பது, பிறகு நடை. ஏறக்குறைய ஓராண்டில் அவர் கல்லூரிக்குத் திரும்பிப் பாடம் நடத்தினார். 1965இல் கொலம்பியாவில் மலையேறிக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் மூளைத்தண்டில் பெரும் சேதம் அப்படியே இருப்பது தெரிந்தது. அடிபட்ட இடம் ஆறவே இல்லை, மிஞ்சிய நரம்புகள் வேலையை எடுத்துக்கொண்டிருந்தன. இன்னொரு மகனான பால் பாக்-இ-ரீட்டா அந்தப் பரிசோதனைப் படங்களைப் பார்த்த பிறகு, மூளையின் மாறும் திறனை ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்டார். ஒரே ஒருவரின் கதையை வைத்து எல்லாரையும் தவழச் சொல்ல முடியாது, இன்று யாரும் சொல்வதுமில்லை. படிப்படியாக, நாள் முழுவதும், மாதக்கணக்கில் என்ற அந்தப் பயிற்சியின் அளவுதான் அதில் கவனிக்க வேண்டியது.

அந்த அளவு இன்றைய சிகிச்சையறையில் கிடைக்கிறதா? 2009இல் கேத்தரின் லாங் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவினரும் ஏழு மையங்களில் 312 சிகிச்சை அமர்வுகளைப் பக்கத்தில் இருந்து எண்ணினார்கள். நடைப் பயிற்சி நடந்த அமர்வுகளில் எடுத்து வைத்த அடிகள் சராசரியாக 357. ஆய்வுக்கூடத்தில் நரம்பு மண்டலம் மாறுவதைக் காட்டிய விலங்குச் சோதனைகளிலோ ஓர் அமர்வுக்கு ஆயிரம், இரண்டாயிரம் அடிகள். மருந்து சரியானதுதான், அளவுதான் மாத்திரையில் கால்வாசி.

அடிகளை அதிகப்படுத்த வந்ததுதான் இயந்திரம். தண்டுவடம் அறுபட்ட பூனைகள் டிரெட்மில் பட்டையில் பழக்கினால் மீண்டும் அடியெடுத்து வைத்தன. அதைப் பார்த்த கனடா, ஜெர்மனி ஆய்வாளர்கள், நோயாளியின் உடல் எடையில் ஒரு பகுதியை மேலிருந்து பட்டை கட்டித் தாங்கி டிரெட்மில்லில் நடக்கவிட்டார்கள். பெர்லினில் ஸ்டெஃபான் ஹெஸ்ஸே 1990களில் இதைப் பக்கவாத நோயாளிகளுக்குக் கொண்டுவந்தார். காலைப் பிடித்து நகர்த்தும் சிகிச்சையாளர்களுக்கு முதுகு ஒடிந்தது. அந்த வேலையைச் செய்யச் சுவிட்சர்லாந்தில் லோகோமேட் என்ற ரோபோ உருவானது. வீடியோவில் நகரத்து உறவினர் காட்டுவது இந்த வகைதான்.

இயந்திரம் வீட்டுப் பயிற்சியை வென்றதா? கலிஃபோர்னியாவிலும் ஃபுளோரிடாவிலும் 408 நோயாளிகளைக் கொண்டு பமேலா டங்கன் தலைமையில் நடந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு இரண்டாம் மாதத்தில் எடை தாங்கும் டிரெட்மில் பயிற்சி. இரண்டாம் பிரிவுக்கு அதே பயிற்சி ஆறாம் மாதத்தில். மூன்றாம் பிரிவுக்கு இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து சொல்லித்தரும் வலிமை, சமநிலைப் பயிற்சி. எல்லாருக்கும் 90 நிமிட அமர்வுகள், மொத்தம் 36. ஓராண்டு முடிவில் 52 சதவீதம் பேரின் நடை அடுத்த நிலைக்கு உயர்ந்திருந்தது. மூன்று பிரிவுக்கும் இடையே வேறுபாடு இல்லை. விலையுயர்ந்த கருவியும் பயிற்சி பெற்ற ஆட்களும் தேவைப்பட்ட சிகிச்சையும், வீட்டுக் கூடத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு செய்த பயிற்சியும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. தொடக்கத்தில் மிகவும் பலவீனமாக இருந்தவர்களில், சீக்கிரமே டிரெட்மில்லுக்குப் போனவர்கள் அதிகமாகக் கீழே விழுந்தார்கள் என்பதும் தெரிந்தது.

ரோபோவை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் வேண்டாம். முதல் மூன்று மாதங்களில் துளியும் நடக்க முடியாதவர்களுக்கு, வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து அதைக் கொடுத்தால் துணையின்றி நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். எழுந்து நாலு அடி வைக்கத் தெரிந்தவருக்கு அதற்காக வீட்டை அடகு வைக்க வேண்டியதில்லை.

அடுத்த கேள்வி நம் நாட்டுக்கு முக்கியமானது. இயன்முறை மருத்துவர் கிடைக்காத ஊரில் குடும்பத்தாரே பயிற்சி கொடுத்தால் போதாதா? மகளும் மருமகளும் மனைவியும் எப்படியும் பக்கத்தில்தானே இருக்கிறார்கள்? லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் பாண்டியன் உள்ளிட்டோர் இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவில் குடும்பத்தில் ஒருவருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி தந்து, வீட்டுக்குப் போன பின்னும் தொடரச் செய்தார்கள். மறுபிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். 2017இல் வந்த முடிவு: ஆறு மாதத்தில் இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தவர்கள் இரண்டு பிரிவிலும் 47 சதவீதம். அன்புக்குக் குறைவில்லை. ஆனால் எந்தப் பாதத்தைப் பின்னால் வைப்பது, எப்போது இருக்கையின் உயரத்தைக் குறைப்பது, முழங்கால் பின்பக்கமாக வளைகிறதா என்று பார்க்கும் கண் படிப்பாலும் பழக்கத்தாலும் வருவது. டங்கனின் அமெரிக்க ஆய்வில் வீட்டுப் பயிற்சி இயந்திரத்துக்கு ஈடுகொடுத்ததற்கும் இந்திய ஆய்வில் அது பலன் தராததற்கும் இடையே முக்கியமான வித்தியாசம் இதுதான். அங்கே வீட்டுக்கு வந்தவர் இயன்முறை மருத்துவர்.

அந்த வகையில் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் கவனிக்கத்தக்கது. ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டு வாசலுக்கு வரும் திட்டம் அது. அந்த மாத்திரை இரண்டாவது பக்கவாதத்தைத் தள்ளிப்போட உதவுகிறது, பயிற்சி முதல் பக்கவாதத்தின் சேதத்தைக் குறைக்கிறது. இரண்டும் ஒரே பையில் வருவது நல்ல ஏற்பாடு. வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவரிடம், அடுத்த முறை வரும்வரை செய்ய வேண்டிய பயிற்சியை எண்ணிக்கையோடு எழுதி வாங்கிக்கொள்வது குடும்பத்தாரின் பொறுப்பு. கண் அவருடையது, எண்ணிக்கை வீட்டாருடையது என்று வேலையைப் பிரித்துக்கொள்ளலாம்.

நடை வந்த பிறகும் பலருக்கு ஒரு தொல்லை மிஞ்சும். பாதத்தின் முன்பகுதி தொங்கும், விரல்கள் தரையைத் தேய்க்கும். அதைச் சமாளிக்க இடுப்பைத் தூக்கி, காலை வெளிப்பக்கமாக அரிவாள் வீசுவதுபோல் சுழற்றி வைப்பார்கள். செருப்பு நாலு அடிக்குள் கழன்றுவிடும். பின்புறம் வார் உள்ள செருப்பும், பாதத்தை நிமிர்த்திப் பிடிக்கும் பிளாஸ்டிக் கணுக்கால் பட்டையும் இதற்கு எளிய தீர்வு. 1961இல் விளாடிமிர் லிபர்சன் வேறொரு வழி காட்டினார். குதிகாலில் ஒரு சுவிட்ச். குதிகால் தரையை விட்டு எழும்போது முழங்காலுக்குக் கீழே ஓடும் நரம்புக்குச் சிறு மின்தூண்டல் போகும், பாதம் நிமிரும். அதே கருத்தில் இன்றும் கருவிகள் விற்கின்றன. கெண்டைக்கால் தசை விறைத்து, குதிகால் தரையைத் தொடவே மறுத்தால் தசையைத் தளர்த்தும் பொடுலினம் ஊசி போடுவார்கள். அதன் பலன் ஏறக்குறைய மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தில் தசையை நீட்டி, நடந்து பழகாவிட்டால் ஊசிக்குச் செலவழித்த பணம் வீண்.

"ஆறு மாதம் ஆகிவிட்டது, இனி வராது" என்ற பேச்சு நம் ஊரில் சர்வசாதாரணம். தானாக மீளும் வேகம் முதல் மாதங்களுக்குப் பிறகு குறைவது உண்மை. பயிற்சிக்குக் கிடைக்கும் பலன் அத்துடன் நின்றுவிடுவதில்லை. டங்கனின் ஆய்வில் ஆறு மாதம் காத்திருந்த பிரிவைப் பாருங்கள். அந்த ஆறு மாதத்தில் மற்ற இரண்டு பிரிவுகளின் முன்னேற்றத்தில் ஏறத்தாழ பாதியைத்தான் அவர்கள் கண்டிருந்தார்கள். பயிற்சி தொடங்கியதும் ஓராண்டு முடிவதற்குள் மற்றவர்களை எட்டிப்பிடித்தார்கள்.

முன்னேற்றத்தை வீட்டிலேயே அளக்க முடியும். கலிஃபோர்னியாவின் ராஞ்சோ லோஸ் அமிகோஸ் மருத்துவமனையில் ஜாக்குலின் பெர்ரியும் உடன் பணியாற்றியவர்களும் 1995இல் ஒரு வகைப்பாடு தந்தார்கள். வினாடிக்கு 0.4 மீட்டருக்குக் கீழே நடப்பவர் வீட்டுக்குள் புழங்கலாம். 0.4க்கும் 0.8க்கும் இடையில் இருந்தால் தெருமுனை வரை போய்வரலாம். 0.8க்கு மேல் போனால் கடைத்தெருவில் தனியாக நடமாடலாம். தெருவில் பத்து மீட்டரை அளந்து இரண்டு கோடு போட்டு, கைப்பேசிக் கடிகாரத்தில் நேரம் பாருங்கள். 25 வினாடியில் கடந்தால் 0.4 என்ற முதல் எல்லையை எட்டிவிட்டார். பன்னிரண்டரை வினாடியில் கடந்தால் இரண்டாவதையும். அளக்கும்போது ஒருவர் விழுந்த பக்கத்தில், சற்றுப் பின்னால் கூடவே நடக்க வேண்டும். டங்கனின் ஆய்வில் இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த ஓராண்டில் ஒருமுறையாவது கீழே விழுந்தார்கள். நடை கூடும்போது விழும் வாய்ப்பும் கூடவே வருகிறது. குளியலறையில் கைப்பிடி, ராத்திரி எரியும் சின்ன விளக்கு, கூடத்தில் சுருண்டு கிடக்கும் மிதியடியை எடுத்துவிடுவது ஆகியவற்றை முதல் வாரத்திலேயே செய்துவிடலாம்.

மாதம் ஒருமுறை அந்தப் பத்து மீட்டர் நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். இரண்டு மாதம் எண் மாறாமல் நின்றால், நோட்டை எடுத்துக்கொண்டு இயன்முறை மருத்துவரிடம் போய்ப் பயிற்சியை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.